காலிக் கோட்டையா, யாழ்ப்பாணக் கோட்டையா?

இரண்டையும் போர்த்துக்கீசர் தொடங்கினார்கள், ஒல்லாந்தர் பெரிதாக்கினார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். இலங்கைப் பயணத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

தூரம்: கொழும்பிலிருந்து காலி சுமார் 120 கி.மீ., காலையில் போய் மாலையில் திரும்பலாம். யாழ்ப்பாணம் 400 கி.மீ. அளவில், இரவு தங்கத்தான் வேண்டும்.

மதிலுக்குள்: காலியில் மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். 1755-இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், பள்ளிவாசல், வீடுகள், கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில். பழைய வாசலில் கொஞ்சம் நில்லுங்கள்: வெளிப்பக்கம் ஆங்கிலேயர் முத்திரை, உள்பக்கம் ஒல்லாந்தக் கம்பெனியின் சின்னம், இரு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஐங்கோண மதிலும் அகழியும் கம்பீரம்தான், ஆனால் உள்ளே பெரும்பாலும் வெட்டவெளி. அங்கிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் இடிந்து போனது.

வசதி: காலியில் காப்பிக் கடைக்குப் பஞ்சமில்லை, கூட்டத்துக்கும்தான். யாழ்ப்பாணத்தில் நிழல் குறைவு, வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

குழந்தைகளோடு ஒரு நாள் சுற்ற காலி. அண்மைக் காலப் போரின் வடுவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணம். என் ஓட்டு, தூரம் போனாலும், இரண்டாவதற்கே.