வானத்தில் கொடி பிடிக்க: லண்டனா, பாரிஸா?

லண்டனில் மூன்று முறை, பாரிஸில் ஒரே ஒரு முறை. இரண்டு ஊரிலும் நான் தேடிப்போனது ஒரே படம்தான்: ஜெட் விமானங்கள் ஒரு நாட்டின் நிறங்களைப் புகையால் வானத்தில் இழுத்துப்போகும் அந்தச் சில நொடிகள். அடுத்த வருடம் ஏதாவது ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், நான் ரயில் ஏறுவது பாரிஸுக்கு.

வசதி என்று பார்த்தால், லண்டனில் குடியிருக்கும் எனக்கு லண்டன்தான். மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பு ஜூனில் ஒரு சனிக்கிழமை. பகல் ஒரு மணிக்கு த மால் சாலைக்கு மேலே விமானங்கள் வரும். முடித்துவைப்பது பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஏரோஸின் ஹாக் விமானங்கள். பிரான்ஸின் தேசிய நாள் அணிவகுப்பு ஜூலை 14இல், அது எந்தக் கிழமையில் வரும் என்பது நம் கையில் இல்லை, லீவு கேட்க வேண்டும். 2024இல் ஒலிம்பிக்குக்காக அணிவகுப்பே வழக்கமான ஷான்ஸ் எலிஸே சாலையை விட்டு அவென்யூ ஃபோஷுக்கு மாறியது.

சரி, அப்புறம் ஏன் பாரிஸ்? வெளிச்சம்.

டீசலை ஜெட்டின் சூடான வெளியேற்றத்தில் பீய்ச்சினால் வெண்புகை. சாயம் சேர்த்தால் சிவப்பு, நீலம். ஒரு ஹாக் விமானத்தில் வெள்ளை 5 நிமிடத்துக்கு இருக்கும், சிவப்பும் நீலமும் தலா 1 நிமிடம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்பதுதான் எல்லாம். முன்னால் நின்றால் மூன்று நிறமும் சாம்பலாகிவிடும். பிறகு கணினியில் எவ்வளவு நிறம் ஏற்றினாலும் அது ஏற்றிய நிறமாகவே தெரியும். லண்டனில் கூட்டத்தோடு பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்த்து நிற்கிறோம், அதாவது தென்மேற்கு. ஜூன் மாத ஒரு மணிக்குச் சூரியன் நேர் தெற்கே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே. அரச குடும்பம் நிற்கும் பால்கனியையும் புகையையும் ஒரே படத்தில் பிடிக்கலாம், ஆனால் இடப்பக்க வானம் வெளுத்துப்போகும். விமானங்களும் நமக்குப் பின்னாலிருந்து வருவதால் வால்தான் கிடைக்கும்.

ஷான்ஸ் எலிஸேயில் எல்லாமே தலைகீழ். பிரெஞ்சு விமானப்படையின் சாகசக் குழுவான பத்ரூய் து ஃபிரான்ஸின் ஆல்ஃபா ஜெட்டுகள் காலையிலேயே, வெற்றி வளைவின் பக்கமிருந்து நம்மை நோக்கி வரும். வளைவைப் பார்த்து நின்றால் சூரியன் கிட்டத்தட்ட நேர் முதுகில். நீலப் புகைகூட நீல வானத்தில் கரையாமல் ஒரு படி அழுத்தமாக விழுந்தது. வெள்ளை மட்டும் எரிந்துபோகாமல் இருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்திருந்தேன்.

இன்னொன்று, பிரெஞ்சுக் கொடி மூன்று பட்டை. புகை அப்படியே கொடியாகிவிடும். பிரிட்டிஷ் கொடியின் சிலுவைகளைப் புகையால் வரைய முடியாது, நிறங்களை மட்டும் காட்டலாம். 2018இல் பாரிஸில் ஓரத்து விமானம் ஒன்று நீலத்துக்குப் பதில் சிவப்பை விட்டது. உலகமே கவனித்தது. லண்டனில் அது நடந்திருந்தால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

மூன்று முறை என்றேனே, லண்டனில் உண்மையில் படம் எடுத்தது இரண்டு முறைதான். ஒரு வருடம் அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கிபிர் போர்விமானத்தின் சத்தம் கேட்டால் எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர். சுற்றிலும் எல்லோரும் கொடியை ஆட்டிக்கொண்டு மேலே பார்க்க, அவர் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கேமரா கழுத்தில் தொங்கியது.

லண்டனுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். 2023 மே 6, முடிசூட்டு நாளில் மழை. திட்டமிட்ட விமானங்களில் பலவற்றை விட்டுவிட்டார்கள், ஆனாலும் ஹெலிகாப்டர்களோடு ரெட் ஏரோஸ் வந்தது. மழைநாளில் பாரிஸ் எப்படி என்று கேட்டால், எனக்குக் கிடைத்த ஒரு காலையில் மேகமே இல்லை.

பாரிஸ் போகிறவர்கள் தூரத்தைப் பிடிக்கும் பெரிய டெலி லென்ஸை, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மச்சான் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 24-70 மி.மீ. லென்ஸ் போதும், ஷட்டர் 1/1000 நொடி. விடியற்காலையே போய், தலைக்கு மேலே மரக்கிளை இல்லாத ஓர் இடத்தைப் பிடியுங்கள். என் படங்களில் பாதிக்கு மேல் இலைதான்.