கர்சீப் போட்ட நாற்காலி

"அண்ணன் பையன் குரூப் 2-க்குப் படிக்கிறான், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்பலாமா?" என்று நண்பர் கேட்டார். ஒன்பது தளம், ஏசி, லிஃப்ட் எல்லாம் அவருக்கே தெரியும். ஆறு வருஷமாகப் போகிறவன் நான் என்பதால் கேட்டிருக்கிறார்.

முதலில் எனக்கு அந்தக் கட்டடமே பிடிக்கவில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் இறங்கிப் பார்த்தால் ஏதோ ஐ.டி. கம்பெனி மாதிரி கண்ணாடியும் கான்கிரீட்டுமாக நின்றது. வடிவமைத்தவர் சி.என்.ராகவேந்திரன், டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தை வரைந்ததும் அவருடைய நிறுவனம்தான் என்று பிறகு தெரிந்தபோது சிரிப்பு வந்தது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அலமாரிகளை உள்பக்கம் தள்ளிவிட்டு, வாசிக்கிறவர்களைக் கண்ணாடி ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டாம் தளத்தில் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தால், நிமிரும்போதெல்லாம் மரங்கள். மேகம் கடந்தால் பக்கத்தின் வெள்ளை லேசாக மங்கி, அப்புறம் தெளிகிறது. பகலில் டியூப்லைட்டை நினைக்கவே வேண்டாம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்தார்கள், அடுத்த வருஷம் நவம்பரிலேயே இதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தது, உயர் நீதிமன்றம் தடை போட்டதால் தப்பியது. அந்த ஓரத்தில் உட்காரும்போதெல்லாம் இது ஞாபகம் வரும், வயிறு ஒரு நிமிஷம் கலங்கும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே புத்தி இங்கேயும். நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி, மேலே ஒரு கர்சீப்பை வைத்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விடுகிறார். ஒருமுறை ஒரு நீலக் கட்டம் போட்ட கர்சீப் ஒன்றரை மணி நேரம் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தூணோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. ஓர நாற்காலி இவ்வளவு நன்றாக இருந்தால் யார்தான் விடுவார்கள், நியாயம்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம்!

சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கத் தரைத்தளத்தில் தனி இடம் இருக்கிறது, பையனுக்கு அது போதும். ஆனால் அங்கேயே இருப்பானா? ஒருநாள் மேலே ஏறுவான், அந்த வெளிச்சத்தைப் பார்ப்பான், மறுநாள் கர்சீப்போடு வருவான்.

அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.