அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-ஐ லாரியில் அனுப்பி ஏமாந்தேன்: வண்டி அனுப்புவோர் கவனத்துக்கு

புனேயில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுக் கடந்த மார்ச் மாதம் திருநெல்வேலிக்குத் திரும்பினேன். வீட்டுச் சாமான்களைப் பெரும்பாலும் அங்கேயே விற்றுவிட்டேன். விற்க முடியாதது ஒன்றே ஒன்று, அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக். அவர் போன பிறகு நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. அதை ஊருக்கு அனுப்புவதில் நான் செய்த தவறுகளை யாரும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் தேடி ஓர் இடத்தில் என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்குள் ஐந்து பேர் அழைத்தார்கள். நான்கு பேர் எட்டாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் 4,800 ரூபாய் என்றார், அதிலேயே இன்சூரன்ஸும் அடக்கம் என்றார். நாடறிந்த ஒரு நிறுவனத்தின் பெயரோடு ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெரிய நிறுவனத்தின் கிளை என்றே நம்பிவிட்டேன்.

வண்டியை எடுக்க வந்த இரண்டு பேர் குமிழித் தாள் சுற்றினார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், முழுப் பணத்தையும் யு.பி.ஐ.யில் அனுப்பச் சொன்னார்கள். பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் பெயருக்கு. அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் தந்த தாளையும் அன்று படிக்கவில்லை. பிறகு பார்த்தால் அது வெறும் விலை மதிப்பீடு. லாரி எண் இல்லை, வண்டியின் மதிப்பு இல்லை, சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட இல்லை.

ஆறாவது நாள் போன் வந்தது. "சார், வண்டி பெங்களூரு கிடங்கில் நிற்கிறது. ஜி.எஸ்.டி. 4,200 கட்டினால்தான் லாரி கிளம்பும். வண்டியைக் கையில் வாங்கியதும் திருப்பித் தந்துவிடுவோம்." கட்டினேன். நான்கு நாள் கழித்து இ-வே பில்லுக்கு, அதாவது சரக்கை லாரியில் கொண்டுபோக எடுக்கும் மின்னணுச் சீட்டுக்கு, 2,500 கேட்டார்கள். அதையும் கட்டினேன். மறுத்தால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும் என்று மிரட்டினார்கள். வண்டி அவர்கள் பிடியில் இருக்கும்போது எதைச் சொல்லி வாதாடுவது? ஆக மொத்தம் 11,500 ரூபாய். சொந்த உபயோகத்தில் இருந்த பழைய பொருட்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. திருப்பித் தரும் வரி என்று ஒரு போக்குவரத்துக்காரர் உங்களிடம் பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

இருபத்து மூன்றாம் நாள் வண்டி வந்து சேர்ந்தது. இறக்கிவைத்த டிரைவர் வேறு எவரோ. தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லெக் கார்டு வளைந்திருந்தது, ஒரு கண்ணாடி இல்லை. கிலோமீட்டர் மானியை அனுப்பும் முன் படம் எடுத்து வைத்திருந்தேன்: 61,482. இப்போது 61,569. என் வண்டியை யாரோ 87 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு மறுநாள்தான் தெரிந்தது. அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் மூடியைக் கழற்றியதும் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இது அண்ணாச்சி வண்டியில் இருந்த கார்புரேட்டர் இல்லையே." சைலன்சரும் அசல் இல்லை. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-இலேயே நின்றுவிட்டது. அதன் அசல் பாகங்களுக்கு இன்றும் அலைகிறவர்கள் உண்டு. பழைய வண்டி அனுப்புகிறவர்கள் வெளியில் தெரியும் கீறலை மட்டும் படம் எடுத்தால் போதாது. கார்புரேட்டர், சைலன்சர், பேட்டரி, டயர் எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

புகார் கொடுத்திருக்கிறேன். இணையவழிப் பணமோசடிக்கு அழைக்க வேண்டிய எண் 1930, நுகர்வோர் உதவிக்கு 1915. மோசடி என்று சந்தேகம் வந்த அன்றே 1930-ஐ அழையுங்கள், பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் மூன்று வாரம் கழித்து அழைத்தேன். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி சரக்கு ஏற்றுகிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், சரக்கு ரசீது தர வேண்டும். சேதத்துக்கு வழக்குப் போட வேண்டுமானால் சரக்கை புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். என் நோட்டீஸ், அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. இன்சூரன்ஸ் என்றால் பாலிசி எண்ணோடு தாளைக் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

இத்தனைக்கும் மும்பை–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் புனே வழியாகத் திருநெல்வேலிக்கே வருகிறது. என்னுடன் வேலை பார்த்தவர் தன் வண்டியை அதே மாதம் ரயிலில் சென்னைக்கு அனுப்பினார். ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கொண்டுபோனார், டேங்கைச் சொட்டு இல்லாமல் வடித்தார். பார்சல் அலுவலக வாசலில் இருந்த தொழிலாளர்கள் சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டித் தந்தார்கள். பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டியதோடு சாக்கின்மேலும் எழுதினார். கையில் முறையான ரசீது. பயண டிக்கெட் இருந்தால் அதே ரயிலில் லக்கேஜாகவும் போடலாம், இல்லையென்றால் பார்சல். ரயிலிலும் தொல்லை உண்டு. இடம் கிடைக்கும் ரயிலில்தான் ஏற்றுவார்கள், இண்டிகேட்டர் உடைந்து வரலாம், வந்ததும் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் வேறு. ஆனால் நடுவழியில் போன் செய்து பணம் கேட்கமாட்டார்கள்.

புனே, பெங்களூரு பக்கம் பழைய பாகங்கள் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஆணியால் கீறிய 'மு' என்ற தமிழ் எழுத்து இருந்தால் தயவுசெய்து காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அது என் அப்பா கீறியது.