கணக்கெடுப்பு விகிதத்தைச் சோதிக்க ஜாமோவி: ஒரு மதிப்பீடு

கணக்கெடுப்பில் 'ஆம்' என்றவர்களின் விகிதம், முன்பே சொல்லப்பட்ட ஓர் அளவிலிருந்து உண்மையிலேயே விலகுகிறதா என்று பார்க்க எக்செல்லில் தயார்நிலைக் கருவி கிடையாது. அதன் பகுப்பாய்வுத் தொகுப்பில் இருக்கும் இசட் சோதனை இரண்டு சராசரிகளை ஒப்பிட மட்டுமே உதவும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்கக் காசு வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியைப் படிக்க நேரமில்லாத மாணவருக்கும் தொண்டு நிறுவனப் பணியாளருக்கும் ஜாமோவி என்ற மென்பொருளைத் தயங்காமல் சொல்லலாம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், உள்ளே கணக்குப் போடுவதும் ஆர்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பாதி வீடுகளில் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பது கூற்று. 400 வீடுகளில் கேட்டதில் 224 வீடுகள் 'ஆம்' என்றன. இன்மைக் கருதுகோள் (சோதிப்பதற்காக உண்மை என வைத்துக்கொள்ளும் கூற்று): விகிதம் 0.5. ஜாமோவியின் தரவுத் தாளில் ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. 'ஃப்ரீக்வென்சிஸ்' மெனுவைத் திறந்து, ஒரு மாதிரிக்கான விகிதச் சோதனைகளில் '2 அவுட்கம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, விடை நெடுவரிசையை வலப்பக்கப் பெட்டிக்குள் நகர்த்துங்கள். விகிதம் 0.56, பி-மதிப்பு 0.019 என்று அட்டவணை உடனே வந்துவிடும். கருதுகோள் உண்மையானால், இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பே பி-மதிப்பு. நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லைகள்) தேர்வு செய்தால் ஏறத்தாழ 0.51 முதல் 0.61 வரை காட்டும். பி-மதிப்பு 0.05 க்குக் கீழே இருப்பதால், 5% மிகைகாண் நிலையில் கருதுகோளை மறுக்கலாம்.

இதையே கையால் போட்டால் விடை சற்று மாறும். திட்டப்பிழை (மாதிரிக்கு மாதிரி விகிதம் மாறக்கூடிய அளவு) 0.5 × 0.5 ÷ 400 இன் வர்க்கமூலம், அதாவது 0.025. (இங்கே 0.56 ஐ வைத்துத் திட்டப்பிழை காண்பது அடிக்கடி நடக்கும் தவறு. கருதுகோளில் உள்ள 0.5 தான் வரவேண்டும்.) விலகலான 0.06 ஐத் திட்டப்பிழையால் வகுத்தால் இசட் 2.4, பி-மதிப்பு 0.016. பாடநூல் வழி மணி வடிவ இயல்நிலைப் பரவலைத் தோராயமாகப் பயன்படுத்துகிறது, ஜாமோவி 'ஆம்/இல்லை' விடைகளுக்கே உரிய ஈருறுப்புப் பரவலில் நேரடியாகக் கணக்கிடுகிறது, வேறுபாடு அதனால்தான். மாதிரி சிறிதாகவோ விகிதம் 0 அல்லது 1 ஐ ஒட்டியோ இருந்தால் ஜாமோவியின் வழியே நம்பத்தக்கது.

தடுக்கி விழும் இடங்களும் உண்டு. 'டெஸ்ட் வேல்யூ' பெட்டியில் முதலிலேயே 0.5 இருக்கும். உங்கள் கூற்று 60% என்றால் 0.6 என்று மாற்ற வேண்டும். மறந்தாலும் எச்சரிக்கை எதுவும் வராது. மாற்றிய பிறகும் 'ஆம்', 'இல்லை' இரண்டு வரிகளையுமே அதே 0.6 உடன்தான் அது ஒப்பிடும். ஆகவே 'இல்லை' வரியின் பி-மதிப்பை எடுத்து அறிக்கையில் போட்டால் முடிவு தலைகீழாகிவிடும். தனித்தனி விடைகள் இல்லாமல் 224, 176 என்ற எண்ணிக்கைகள் மட்டும் கையில் இருந்தால் 'வேல்யூஸ் ஆர் கவுண்ட்ஸ்' குறியை இட வேண்டும். இடாவிட்டால் மொத்தமே இரண்டு பேர் என்று எடுத்துக்கொள்ளும்.

'தெரியாது' என்ற விடையை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். அதைத் தனி விடையாக வைத்தால் வகுக்கும் எண்ணில் அதுவும் சேரும். வெற்றுக் கட்டமாக விட்டால் சேராது. 40 பேர் அப்படிச் சொல்லியிருந்தால் 224 ஐ 400 ஆல் வகுப்பதா (0.56), 360 ஆல் வகுப்பதா (0.62) என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

பெரிய குறை இனித்தான் வருகிறது. ஒவ்வொரு வரிசையும் மற்றதைச் சாராத தனி வீடு என்றே இந்தச் சோதனை நம்புகிறது. களத்தில் அப்படி நடப்பது அரிது. 20 ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு 20 வீடு என்றுதான் பெரும்பாலும் கேட்போம். ஒரே ஊரில் ஒரே தண்ணீர், ஒரே பழக்கம். பக்கத்து வீட்டு விடை புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். ஊருக்குள் உள்ள ஒட்டுறவு (ஒரே ஊர் விடைகள் ஒத்துப்போகும் அளவு) வெறும் 0.05 என்று வைத்துக்கொண்டாலும், பரவற்படி (திட்டப்பிழையின் வர்க்கம்) 1 + 19 × 0.05 = 1.95 மடங்காகப் பெருகும். அப்போது 400 வீடுகள் சுமார் 205 வீடுகளின் மதிப்பையே பெறும். திட்டப்பிழை 0.035 ஆகி, இசட் 1.72 க்கு இறங்கி, பி-மதிப்பு சுமார் 0.086 க்கு ஏறும். மறுத்த கருதுகோளை இப்போது மறுக்க முடியாது! இந்தத் திருத்தத்துக்கு ஜாமோவியின் இந்த மெனுவில் இடமே இல்லை. கள ஆய்வு முடிவுகளை 0.019 என்றே அச்சிட்டு விடுபவர்கள் செய்வது சிறு பிழை அல்ல.

எனவே, வீடுகளின் முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்த மாதிரி என்றால் ஜாமோவியே போதும். ஊர்வாரியாகத் திரட்டியது என்றால், அல்லது மாதிரி எடைகள் (ஒவ்வொரு வீட்டின் விடைக்கும் தரும் வெவ்வேறு மதிப்பு) உண்டு என்றால், தாமஸ் லம்லி எழுதிய ஆர் மொழியின் 'சர்வே' தொகுப்புக்குப் போங்கள். அதற்கு ஒவ்வொரு வரிசையிலும் ஊர்க் குறியீடு இருக்க வேண்டும். படிவம் அச்சிடும்போதே அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். தரவு வந்தபின் எந்த வீடு எந்த ஊர் என்று தேடுவது நடக்காத காரியம்.