ஒன்றா இரண்டா, எந்த வயதில், எத்தனை வருட இடைவெளியில்?

குழந்தை பற்றிய மூன்று முடிவுகளை நம் குடும்பங்கள் தனித்தனியாக எடுக்கின்றன. முதல் குழந்தை எப்போது என்பதைத் திருமணத் தேதி தீர்மானிக்கிறது. இரண்டாவது வேண்டுமா என்பதை மாமியாரின் ஆசையோ வீட்டுக் கடனோ தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் பெரும்பாலும் யாரும் தீர்மானிப்பதில்லை. அது தானாக அமைந்துவிடுகிறது. ஆனால் இவை மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள். ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் மாறும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் ஆள், பத்து மாதம் சுமக்கப் போகிற பெண். அவளிடம்தான் கடைசியாகக் கேட்கிறோம்.

2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். இத்தனை குழந்தை வேண்டும் என்று ஆசைப்படும் தம்பதி, அந்த ஆசை நிறைவேற நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருக்க வேண்டுமானால், பெண்ணின் எந்த வயதுக்குள் முயற்சியைத் தொடங்க வேண்டும்? சிகிச்சை எதுவும் இல்லாத நிலையில், ஒரு குழந்தை போதும் என்றால் 32. இரண்டு வேண்டுமென்றால் 27. மூன்று என்றால் 23. சோதனைக் குழாய்ச் சிகிச்சைக்கும் தயார் என்றால் இவை 35, 31, 28 என்று நகர்கின்றன. நூற்றுக்கு எழுபத்தைந்து வாய்ப்பே போதும் என்பவர்களுக்கு, சிகிச்சை இல்லாமலேயே 37, 34, 31 வரை அவகாசம் உண்டு.

திருமணம் ஆன எல்லோருக்கும் யாராவது இந்த எண்களைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. '30 வயதுக்குள் பெற்றுக்கொள்' என்ற ஒற்றை அறிவுரை எவ்வளவு மொட்டையானது என்பதை இவை காட்டுகின்றன. ஒன்று போதும் என்று தெளிவாக இருப்பவள் 30 வயதில் அவசரப்படத் தேவையில்லை. இரண்டு கட்டாயம் வேண்டும் என்பவள் 30 வயதில் 'இன்னும் ரெண்டு வருடம் போகட்டும்' என்றால், அவள் தள்ளிப்போடுவது முதல் குழந்தையை மட்டும் அல்ல. இரண்டாவதின் வாய்ப்பையும் சேர்த்துத்தான். ஆக, முதலில் எண்ணிக்கை, பிறகு வயது, அதன் பிறகு இடைவெளி. நாம் பின்பற்றும் வரிசை இதற்கு நேர் எதிரானது.

அதற்குக் காரணம் நம் அம்மாக்களின் காலம். இருபதில் கல்யாணம், இருபத்திநான்குக்குள் இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் என்பதுதான் 'நாம் இருவர் நமக்கு இருவர்' தலைமுறையின் பாதை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். காப்பர்-டி பயன்படுத்துவோர் மிகக் குறைவு. ஆண்களின் அறுவைச் சிகிச்சை கணக்கில் சேர்க்க முடியாத அளவுக்குச் சொற்பம். அதாவது, பெற்று முடித்துவிட்டு நிறுத்தத் தெரிந்த சமூகம் நாம். இடைவெளி விடப் பழகவில்லை. இருபதில் தொடங்கும்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இருபத்தெட்டில், முப்பதில் தொடங்கும்போது அதே பழக்கம் இரண்டு விதமாகவும் தவறுகிறது. ஒன்று, மூத்தது நடக்கத் தொடங்கும் முன்பே அடுத்தது வயிற்றில். அல்லது 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று ஏழு வருடம் ஓடி, பிறகு மருத்துவமனை வாசலில் வரிசை.

அம்மாவின் வயது: 25, 30, 35

உடல் அளவில் மட்டும் பார்த்தால் இருபதுகளின் நடுப்பகுதிக்குத்தான் முதலிடம். டவுன் நோய்க்குறி (குரோமோசோம் மாறுபாட்டால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250இல் ஒன்று. 30இல் ஏறக்குறைய 950இல் ஒன்று. 35இல் 350இல் ஒன்று. 40இல் 100இல் ஒன்று. கருச்சிதைவு, கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் முப்பத்தைந்துக்குப் பிறகு ஏறுமுகம்தான். ஆனால் இந்த எண்களை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். நாற்பதில்கூட நூற்றில் தொண்ணூற்றொன்பது கர்ப்பங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. 25க்கும் 30க்கும் இடையே உள்ள வித்தியாசம், ஒரு பெண் தன் படிப்பையோ வேலையையோ கைவிட வேண்டிய அளவுக்குப் பெரியதல்ல.

தாமதத்துக்கு நல்ல பக்கமும் உண்டு. ஸ்வீடனில் ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, தாயின் வயது கூடிய பிறகு பிறந்த பிள்ளைகள் சற்று உயரமாகவும் அதிகம் படித்தவர்களாகவும் இருப்பதைக் காட்டியது. தாயின் வயதால் வந்த நன்மை அல்ல அது. பத்து வருடம் கழித்துப் பிறந்த குழந்தைக்குப் பத்து வருடம் முன்னேறிய மருத்துவமும் பள்ளியும் கிடைக்கின்றன. நம் ஊரிலும் அப்படித்தான் என்று என்னால் நம்ப முடிகிறது. மூத்த அண்ணனுக்குக் கிடைக்காத டியூஷனும் கண் பரிசோதனையும் கடைக்குட்டிக்குக் கிடைத்த வீடுகள் எத்தனை!

என் தேர்வு 25 முதல் 31 வரை. இருபதுக்கு முன் பெறுவதை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். ரத்தசோகையோடு, பாதிப் படிப்போடு ஒரு சிறுமியைப் பிரசவ அறைக்கு அனுப்புவது பற்றி ஒப்பிட ஒன்றும் இல்லை.

இடைவெளி: இங்கேதான் அதிகம் தவறுகிறோம்

உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் நிபுணர்களைக் கூட்டிப் பேசியபோது எட்டிய பரிந்துரை இது: ஒரு குழந்தை பிறந்த பிறகு அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் காத்திருக்க வேண்டும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் என்று பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று வருடம். பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் தாயின் உடம்பில் மீண்டும் சேர வேண்டும், தாய்ப்பால் இரண்டு வயதுவரை தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பவை இதற்கான நியாயங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. முதல் பிரசவத்துக்கே கடன் வாங்கிய ரத்தத்தோடு போகிறவளை ஒரே வருடத்தில் இரண்டாவதுக்கு அனுப்பக் கூடாது.

சரி, 35 வயதில் முதல் குழந்தை பெற்றவள் என்ன செய்வாள்? இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தால் கருமுட்டை காத்திருக்குமா? கனடாவில் சுமார் ஒன்றரை லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இதற்குப் பயனுள்ள பதில் தருகிறது. பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 12 முதல் 18 மாதம் இருந்தால், எல்லா வயதுப் பெண்களுக்கும் ஆபத்து மிகக் குறைவு. ஆறே மாதத்தில் மீண்டும் கருவுற்ற 35 வயதைக் கடந்த பெண்களில், உயிருக்கு ஆபத்தான சிக்கலோ மரணமோ நேர்ந்தது 0.62 சதவீதம், 18 மாதம் காத்திருந்தவர்களில் 0.26. இளம் பெண்களிடம் தாய்க்கான இந்த வேறுபாடு தெரியவில்லை. குறைந்த இடைவெளியின் சுமை அங்கே குழந்தையின் மேல் விழுகிறது. வயதாகிவிட்டது, அதனால் அடுத்தடுத்துப் பெற்றுவிடு என்று சொல்லும் உறவினர்கள், மிக அதிக ஆபத்தில் இருப்பவளைத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

இடைவெளி அளவுக்கு மீறினாலும் செலவு உண்டு. ஐந்து வருடத்தைத் தாண்டினால் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலின் ஆபத்து மெல்லக் கூடுகிறது. பத்து வருடத்தை நெருங்கினால் அது தலைச்சன் பிரசவத்துக்குச் சமமாகிவிடுவதை நார்வேயின் பிறப்புப் பதிவேடுகள் காட்டின. உடம்பு முதல் பிரசவத்தில் கற்றதை மறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிசேரியன் இதில் தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் 2019-21இல் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில்தான் நடந்தன. தையல் போட்ட கருப்பை ஆற நேரம் வேண்டும். அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயன்றால் தழும்பு கிழியும் ஆபத்து பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான். இடைவெளி ஒன்றரை வருடத்துக்குள் இருந்தால் அது கூடுகிறது. மூன்றாவது, நான்காவது சிசேரியன் என்று போகப் போக, நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. மூன்று குழந்தைகளை ஆசைப்படுபவர்கள் முதல் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேச வேண்டும். வலி தாங்க முடியாது, நல்ல நேரத்தில் எடுத்துவிடலாம் என்று முதலில் ஒப்புக்கொள்ளும் அறுவை, குடும்பத்தின் அளவையே பின்னால் முடிவு செய்துவிடும்.

உடம்பை விட்டு வீட்டுக்கு வருவோம். ஒன்றரை வருட இடைவெளியில் வளரும் இருவர் சேர்ந்து விளையாடுவார்கள், ஒரே சட்டை அளவு, ஒரே பள்ளி வேன். அந்த முதல் மூன்று வருடங்களில் அம்மாவுக்குத் தூக்கம் என்பதே இருக்காது. மூத்தது தன் மடியைச் சீக்கிரமே இழக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், இடைவெளி கூடக் கூட மூத்த குழந்தையின் வாசிப்புத் திறன் மேம்பட்டது. இளையதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த இடைவெளியின் விலையை மூத்தது கொடுக்கிறது.

ஏழெட்டு வருட இடைவெளியின் விலையையும் பல வீடுகளில் மூத்ததுதான் கொடுக்கிறது, அதுவும் அது பெண்ணாக இருந்தால். பன்னிரண்டு வயதில் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிய அக்காக்களைப் 'பொறுப்பானவள்' என்று புகழ்ந்தோம். அவளுடைய குழந்தைப் பருவம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. இடைவெளி விட்டுப் பெறுபவர்கள் அந்த வேலைக்கு ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளட்டும். மகளை ஆளாக்க வேண்டாம்.

பணத்திலும் பார்க்கலாம். அப்பாவுக்கு 32 வயதில் முதல் குழந்தை. மூன்று வருடத்தில் அடுத்தது என்றால், இளையது கல்லூரி முடிக்கும் 22 வயதில் அப்பாவுக்கு 57. ஏழு வருடம் என்றால் 61. தமிழ்நாடு அரசு ஊழியருக்கே ஓய்வு வயது 60. தனியார் வேலையில் ஐம்பதுக்கு மேல் நிச்சயம் ஏது? மூன்று வருட இடைவெளியில் இரண்டு கல்லூரிக் கட்டணங்கள் ஓரிரு வருடம் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனாலும் சம்பளம் வரும் காலத்தில் விழுகிறது.

எண்ணிக்கை

ஒற்றைப் பிள்ளை செல்லம் கொடுத்துக் கெட்டுப்போகும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் டோனி ஃபால்போ பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். 1980களில் அவர் சகாவுடன் சேர்ந்து பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, குணத்திலும் பழகும் விதத்திலும் ஒற்றைப் பிள்ளைகள் மற்றவர்களிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. சாதிக்கும் ஊக்கத்தில் கொஞ்சம் முன்னேகூட இருந்தார்கள். அதிகம் பெற்றால் படிப்பு கெடும் என்ற எதிர்வாதமும் அவ்வளவு திடமானதல்ல: நார்வேத் தரவுகளை அலசி 2005இல் வந்த ஆய்வில், பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்ததும் குடும்ப அளவின் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஒற்றைப் பிள்ளையின் உண்மையான சுமை பின்னால் வருகிறது. ஒற்றை மகன் ஒற்றை மகளை மணந்தால் இருவர் தலையிலும் நான்கு முதியவர்கள். இதற்காக ஒரு தம்பியைப் பெற்றுத் தர வேண்டும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெற்றோரின் முதுமைச் செலவுக்குப் பெற்றோரே சேமிக்க வேண்டும். இரண்டாவது குழந்தை, அந்தக் குழந்தை மேலுள்ள ஆசையால் மட்டும் வர வேண்டும்.

மூன்றாவதை நாடு வரவேற்கிறதா என்று சட்டத்தைப் பார்த்தால் தெரியும். 2017 திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 26 வாரம்; இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்ததற்கு 12 வாரம்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இரண்டு பிரசவம் வரைதான். முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்ததால், மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்ல வேண்டியிருந்தது. மாநிலத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1க்குக் கீழே போய்ப் பல வருடம் ஆகிறது. அதிகம் பெறுங்கள் என்று மேடையில் பேசுபவர்கள் விடுப்பையும் குழந்தைக் காப்பகத்தையும் முதலில் கொடுக்கட்டும்.

என் பரிந்துரை இப்படிப் போகும். 25 வயதில் இரண்டு வேண்டும் என்பவள் நிதானமாக மூன்று வருட இடைவெளி விடலாம். அவளிடம் நேரம் இருக்கிறது. 29, 30இல் தொடங்குபவளுக்கும் மூன்று வருடம் பொருந்தும், அதைத் தாண்டித் தள்ள வேண்டாம். 34, 35இல் முதல் பிரசவம் என்றால், ஒன்றோடு நிறுத்துவது நிறைவான தேர்வு. இரண்டாவதும் வேண்டுமென்றால் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் அடுத்த கருவுக்கு முயலலாம், சிசேரியன் ஆனவள் ஒன்றரை வருடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றா இரண்டா என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இரண்டு வேண்டும் என்பவர்களின் கணக்குப்படி தொடங்குவது நல்லது. பிறகு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது எளிது.

எந்த வழியானாலும் இடைவெளி தானாக அமைந்துவிடாமல் பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் வரை கரு நிற்காது என்பதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாதவரைதான் அது பாதுகாப்பு. பிரசவ வார்டிலேயே காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். குழந்தை வேண்டும்போது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிடும் சாயா மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெற்று முடித்த பிறகு நிரந்தரமாக நிறுத்த வேண்டுமென்றால், கணவனுக்குச் செய்யும் கத்தியில்லா வாசக்டமி, மனைவியின் வயிற்றைத் திறப்பதைவிட எளிதானது; அன்றைக்கே வீடு திரும்பலாம். ஏழாம் மாதப் பரிசோதனைக்குக் கணவரும் கூடவே போய், இவற்றில் எது பொருந்தும் என்று இருவருமாக மருத்துவரிடம் கேட்டு, கர்ப்பகால அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவ வலியில் கையெழுத்துக் கேட்கும் நேரத்துக்கு அதை விட்டுவைக்க வேண்டாம்.