பயிற்சியாளர் நாற்காலியா, டிவி மைக்கா?

ஓய்வுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்க ஆசைப்படும் கால்பந்து வீரருக்கு என் ஓட்டு மைக்குக்குத்தான். 1994-இல் ஓய்வு பெற்ற இங்கிலாந்து வீரர் கேரி லினேக்கர், 1999 முதல் 2025 வரை பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ கால்பந்து நிகழ்ச்சியை நடத்தினார். எந்த அணி தோற்றாலும் அவர் இடத்துக்கு ஆபத்தில்லை.

பயிற்சியாளருக்கு அப்படியா? ஸ்டூடியோவில் ஆட்டங்களை அக்குவேறு ஆணிவேறாக அலசிய முன்னாள் இங்கிலாந்து வீரர் கேரி நெவில், 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். பார்சிலோனாவிடம் 7-0 என உதை. நாலு மாதத்துக்குள் வேலை போச்சு. அப்புறம் என்ன, திரும்பவும் டிவிதான்.

சரி, பிரான்ஸ் நட்சத்திரம் ஜிடான்? அவர் அவசரப்படவில்லை. 2006-இல் ஓய்வு பெற்றவர், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் பயிற்சியாளர் அன்செலோட்டிக்கு உதவியாளராக இருந்து, அங்கேயே இரண்டாம் அணியைப் பழக்கி, 2016-இல்தான் முதல் அணிக்கு வந்தார். அடுத்தடுத்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள், அதாவது ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கோப்பை. எந்த மைக்கும் அதைத் தராது.