ஏடிஎச்டி பரிசோதனை: மனநல மருத்துவரா, உளவியலாளரா, ஆன்லைனா?

ஏடிஎச்டி (கவனக்குறைவு மற்றும் அதீத துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் போவது ஆன்லைன் கேள்வித்தாளுக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் பட்டியல் நல்லதுதான், ஆனால் அது சலித்தெடுக்க மட்டுமே, உறுதிசெய்ய அல்ல. தூக்கக் குறைவு, பதற்றம், தைராய்டு கோளாறு இருந்தாலும் அதே விடைகள் வரலாம்.

வீடியோ கால் ஆலோசனை ஊரில் மருத்துவர் இல்லாதவர்களுக்குக் கைகொடுக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏடிஎச்டிக்கு அதிகம் எழுதித்தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாடுள்ள ‘ஷெட்யூல் எக்ஸ்’ பட்டியலில் உள்ள மருந்து. 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி அதை ஆன்லைனில் எழுதித்தர முடியாது. அந்த மருந்து வேண்டுமென்றால் எப்படியும் நேரில் போயாக வேண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பொறுமையாக உட்கார்ந்து பேசுவார், விரிவான அறிக்கை தருவார். மருந்து எழுத மாட்டார். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘கவுன்சலிங் சென்டர்’ என்று போர்டு மாட்டிய எல்லோருக்கும் அது இருக்காது. மூளை ஸ்கேன் எடுத்து ஏடிஎச்டியை உறுதிசெய்கிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

பெரியவர்களுக்கு என் முதல் பரிந்துரை மனநல மருத்துவர்தான், அதிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஓபி. காத்திருப்பு சலிப்பூட்டும், உண்மைதான். ஆனால் அங்கே பயிற்சியிலுள்ள முதுநிலை மாணவர் முழு வரலாற்றையும் கேட்டு எழுதிய பிறகே பெரிய டாக்டர் பார்ப்பது வழக்கம். என் தம்பியைக் கூட்டிப்போனபோது அந்த இளம் மருத்துவர் அவனைவிட அம்மாவிடம்தான் அதிகம் பேசினார். “ஸ்கூல் படிக்கிறப்ப டிபன் பாக்ஸ், குடை எல்லாம் அடிக்கடி தொலைப்பாராம்மா?” என்று கேட்டதும் அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேட்டின் அளவுகோல்படி அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் பழைய ராங்க் கார்டு கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள். ‘கவனம் போதாது’ என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி அங்கே பெரிய சாட்சி. தனியார் கிளினிக்கில் சீக்கிரம் பார்த்துவிடலாம். பத்தே நிமிடத்தில் மருந்துச் சீட்டு கைக்கு வந்தால் மட்டும் யோசியுங்கள்.

குழந்தை என்றால் கணக்கு வேறு. அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் ஒரே கூரையின்கீழ் பார்ப்பார்கள், கட்டணமில்லை. கற்றல் குறைபாட்டையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது இந்த வித்தியாசம் பிள்ளையைப் பாதிக்கும்.

எங்கே போனாலும் சிலர், குறிப்பாகப் பெண்கள், “நல்லா படிச்சு வேலைக்கும் போறீங்க, உங்களுக்கு எப்படிம்மா இருக்கும்?” என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். துறுதுறுவென ஓடாமல் கவனம் மட்டும் சிதறும் வகையும் ஏடிஎச்டிதான். சிறுவயதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் ‘இல்லை’ என்று சொன்னால், தயங்காமல் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.